“பிழையைக் கண்டால் கை சும்மா இருக்குதில்லை”

வாசகர் கேள்விக்கு உளவளத்துணையாளரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

திருகோணமலை நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருவர் கையெழுத்தில் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தைத் தருகிறேன்.

வாழ்நாள் முழுக்கத் தமிழ் படிப்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு பகலில் பெரும்பகுதி கைத்தொலைபேசியோடு போகிறது. குடும்பக் குழு, ஒன்றாகப் படிப்பித்த ஆசிரியர்களின் குழு, கோயில் குழு என்று வட்ஸ்அப்பில் சில குழுக்கள், முகநூலும் இருக்கிறது. திறந்த இடமெல்லாம் பிழை. “சுவற்றில்” என்கிறார்கள், “பதட்டம்” என்கிறார்கள், “வாழ்த்துக்கள்” என்கிறார்கள், ல-ள-ழ மூன்றையும் கலக்கிறார்கள், ரீச்சரை “டீச்சர்” ஆக்குகிறார்கள், ஊரின் பெயரையே “க்” இல்லாமல் எழுதுகிறார்கள். “பிழையைக் கண்டால் நெஞ்சு படபடக்குது, கை சும்மா இருக்குதில்லை. திருத்தாமல் விட்டால் நித்திரையும் வருதில்லை” என்று எழுதுகிறார்.

மூன்று சம்பவங்களைச் சொல்கிறார். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பெறாமகள், இவருடைய பிறந்தநாளுக்குக் குடும்பக் குழுவில் முதல்முறையாகத் தமிழில் எழுதினாள்: “பெறியம்மாவுக்கு பிரந்தநால் வால்த்துக்கல்”. அந்த மூன்று சொல்லில் ஏழு இடங்களைத் திருத்தி, காரணமும் எழுதி, அதே குழுவில் போட்டார். அந்தப் பிள்ளை அதன்பிறகு தமிழில் எழுதவில்லை. தங்கையும் முன்போல் போன் எடுப்பதில்லை.

இரண்டாவது, இவரோடு ஒரே பாடசாலையில் படிப்பித்த கிண்ணியா ஆசிரியர் ஒருவர், “எங்கள் உம்மா காலமாணார்” என்று ஆசிரியர் குழுவில் அறிவித்திருந்தார். இவர் சில நிமிடங்களுக்குள் “காலமானார் என்று வர வேண்டும்” என்று பதில் போட்டார். சில நாட்களில் அந்த ஆசிரியர் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மூன்றாவது, மூதூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் நடத்தும் வகுப்பின் சுவரொட்டி. “தரம் 5 புலமைப்பறிசில்” என்று இருந்ததைப் படமெடுத்து, பிழைகளைச் சிவப்பால் வட்டமிட்டு, முகநூலில் போட்டார். சுவரொட்டியில் இருந்த தொலைபேசி இலக்கமும் படத்தில் தெரிந்தது. கொமென்டில் பலர் அவருடைய ஊரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். சிலர் இரவில் போன் எடுத்தும் சிரித்திருக்கிறார்கள். பொலிஸுக்குப் போகப்போவதாக அந்த இளைஞர் செய்தி அனுப்பியிருக்கிறார்.

இவருடைய கேள்விகள்: நான் செய்ததில் என்ன பிழை? பொலிஸ் என்னைக் கூப்பிடுமா? எல்லாக் குழுக்களையும் விட்டு விலகிவிடட்டுமா? தமிழ் சீரழிவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பதா?

அன்பு ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் “தமிழை பிழையின்றி” என்று எழுதிவிட்டு, பிறகு வரிக்கு மேலே சின்னதாக ஒரு “ப்” செருகியிருக்கிறீர்கள். எழுதி, திரும்ப வாசித்து, திருத்தி, அதற்குப் பிறகுதான் உறையில் போட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் நின்றபடி ஒரு கையால் தட்டி, அடுத்த நொடியே அனுப்புகிறவருக்கு இந்த அவகாசம் கிடைப்பதில்லை. வட்ஸ்அப்பில் வருவதை நீங்கள் பரீட்சை விடைத்தாளைப் போல வாசிக்கிறீர்கள். அதை எழுதியவரோ வாயால் பேசுவதைப் போல எழுதுகிறார். உங்கள் மூன்று சம்பவங்களுக்கும் அடியில் இருப்பது இந்த இடைவெளி என்று நினைக்கிறேன்.

பிழை கண்ணை உறுத்துவது நோயும் அல்ல, கெட்ட குணமும் அல்ல. நன்றாக வாசிக்கப் பழகிய கண் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டுவதில்லை, எழுத்துகளை ஒன்றாகச் சேர்த்தே பிடிக்கிறது. பழகிய எழுத்து மாறியிருந்தால் உடனே இடறுகிறது. சிவப்புப் பேனையோடு கொப்பி கொப்பியாகத் திருத்திய உங்களுக்கு அந்த இடறல் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கும்.

எழுத்துப்பிழை சின்ன விஷயம், விளங்கினால் போதும் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. “தந்த பலகை” ஒருவர் கொடுத்த பலகை. “தந்தப் பலகை” யானைத் தந்தத்தால் ஆனது. “வேலை கொடு” என்பதற்கும் “வேலைக் கொடு” என்பதற்கும் இடையில் ஒரு முருகன் கோயிலே இருக்கிறது. வலி, வளி, வழி என்ற மூன்றும் மருந்துக் குறிப்பில் இடம் மாறினால் ஒருவருடைய உடம்போடு விளையாடுவதாகும். ஆகவே உங்கள் அக்கறையை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஒருவரைத் திருத்துவதற்கு முன் அது உண்மையில் பிழையா, எழுதியவர் யார், எத்தனை பேர் முன்னிலையில் திருத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். உங்கள் மூன்று சம்பவங்களிலும் நீங்கள் முதலாவதை மட்டுமே பார்த்தீர்கள். அதிலும் சில இடங்களில் என் கருத்து வேறு.

எல்லாம் பிழைதானா?

“சுவற்றில்” பிழைதான், சுவர் என்ற சொல் “சுவரில்” என்றே வரும். கிணறு கிணற்றில் ஆவதைப் பார்த்துச் சுவரையும் அப்படி ஆக்கிவிட்டார்கள். “பதட்டம்” பதற்றமாக இருக்க வேண்டும். இவற்றில் உங்களோடு நிற்கிறேன்.

“வாழ்த்துக்கள்” அப்படியல்ல. “கள்” என்ற பன்மை விகுதிக்கு முன்னால் ஒற்று மிகாது என்று ஒரு சாராரும், வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் மிகலாம், “எழுத்துக்கள்” என்று காலங்காலமாக எழுதவில்லையா என்று இன்னொரு சாராரும் வாதாடிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ் கற்றவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். உங்களுக்கு “வாழ்த்துகள்” பிடித்திருந்தால் அப்படியே எழுதுங்கள். மற்றவர் எழுதியதற்குச் சிவப்பு வட்டம் போட அதில் இடமில்லை. “நாள்கள், நாட்கள்” விஷயமும் இப்படித்தான்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். ஞானசம்பந்தர் “கோணமாமலை” என்று பாடினார். அதற்கு முன்னால் திரு சேர்த்தால் திருக்குறள், திருக்கோயில் போலத் திருக்கோணமலை வரும் என்பது உங்கள் வாதம், நல்ல வாதம். மூன்று கோணம் என்ற பொருளில் “திரிகோணம்” என்பதிலிருந்து பெயரைக் கொள்பவர்களுக்கு அந்த “க்” தேவைப்படாது. அரச ஆவணங்களில் திருகோணமலை என்றே வருகிறது, நானும் அப்படித்தான் எழுதுகிறேன். கச்சேரிக் கடிதத்தைப் பார்த்து எழுதும் பிள்ளையைப் பிழை எழுதியவன் என்று சொல்ல முடியாது.

“ரீச்சர்” என்பதில் என் மனமும் உங்கள் பக்கம்தான். ஆங்கிலச் சொல்லின் அந்த ஓசையை ரகர றகரங்களால் எழுதுவது நம்முடைய பழைய வழக்கம்: ரீச்சர், ரயர், ரொபி, ரியூசன். தமிழ்நாட்டில் டகரம் போட்டு எழுதுகிறார்கள். சினிமாவும் தொலைக்காட்சியும் போனும் அங்கத்தைய எழுத்தை இங்கே கொண்டுவந்துவிட்டன. நம் வழக்கு நிலைக்க வேண்டும் என்றால் நாம் அதைத் தொடர்ந்து எழுத வேண்டும். டகரம் போட்டவர் பிழைவிட்டவர் அல்ல, வேறொரு வழக்கில் எழுதியவர்.

நீங்கள் நன்னூல் படிப்பித்தவர். வழு (பிழை) என்றும் வழாநிலை (பிழையற்றது) என்றும் இரண்டோடு நிற்காமல், வழுவமைதி (ஏற்கத்தக்க பிழை) என்று மூன்றாவதாக ஒன்றை அந்த மரபு வைத்திருக்கிறது. வாசலுக்கு வந்த பசுவை “என் அம்மை வந்தாள்” என்று ஒருவர் சொன்னால் திணை வழுவியதுதான். ஆனால் உவப்பினால் சொன்னதால் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று காரணங்களையே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. சொன்னவர் எந்த மனநிலையில் சொன்னார் என்று பார்த்த பிறகே அந்த இலக்கணம் தீர்ப்புச் சொல்கிறது. குழுக்களில் இளையவர்கள் போடும் சுருக்கெழுத்துகளுக்கும் “குழூஉக்குறி” என்று இடம் ஒதுக்கியிருக்கிறது. உங்கள் இலக்கணம் நீங்கள் நினைப்பதைவிடத் தாராளமானது, ரீச்சர்.

எழுத்தும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஏட்டுச்சுவடிகளில் புள்ளி வைப்பதில்லை. எகரத்தையும் ஏகாரத்தையும் உருவத்தால் வேறுபடுத்தும் இன்றைய முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்தது. உரைநடையில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போடும் பழக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்களில் நம் ஆறுமுக நாவலர் முதன்மையானவர். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்யும்வரை னை, லை, ளை போன்றவற்றை வேறு உருவில்தான் அச்சிட்டார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த “லை” இன்றைய பிள்ளைக்குத் தெரியாது. அந்த மாற்றங்களையெல்லாம் தமிழ் தாங்கிக்கொண்டது.

எழுதிய கை

பெரும்பாலானவர்கள் ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகையையே பாவிக்கிறார்கள். அதில் லகரத்துக்கும் ளகரத்துக்கும், னகரத்துக்கும் ணகரத்துக்கும் ஒரே விசை. எதைப் போடுவது என்று போன் ஊகிக்கிறது. அது காட்டும் முதல் சொல்லைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அச்சகங்களிலோ பாமினி எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறுவதுண்டு. நீங்கள் பார்க்கும் பிழைகளில் ஒரு பகுதி அறியாமையால் வருவதே இல்லை.

அறியாமையால் வருவதற்கும் காரணம் இருக்கிறது. பேச்சில் ழகரமும் ளகரமும் நம்மில் பலருக்கு ஒன்றாகிவிட்டன. காதால் கேட்டதை எழுதுகிறவருக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் இடறும் டிஸ்லெக்சியா என்ற நிலையோடு வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். புத்திக்கூர்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்காலத்தில் “கவனமில்லாதவன்” என்று அடி வாங்கி, பெரியவர்களான பிறகும் நாலு வரி எழுதக் கூசுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். ஒருவர் பலர் முன்னிலையில் திருத்தியதும் அவர்கள் திரும்பவும் அந்த வகுப்பறைக்குள் போய் நிற்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. 2006இல் சம்பூரிலும் மூதூர் கிழக்கிலும் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களை உங்களுக்குத் தெரியும். சம்பூர் மக்களில் பலர் 2015க்குப் பிறகே ஊர் திரும்பினார்கள். அந்த நாட்களில் பத்து வயதில் இருந்த பிள்ளை ரகர றகர வேறுபாட்டை எந்தக் கொட்டிலில், யாரிடம் இருந்து படித்திருக்கும்? அந்தச் சுவரொட்டி இளைஞரின் கதை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாதபோது கேலிக்கு வழி திறக்கக் கூடாது.

பெறாமகள்

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் இது.

அந்தப் பிள்ளை வீட்டில் தமிழைக் கேட்டிருப்பாள். எழுத்தை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தமிழில் எழுதியிருக்கிறாள். பெறியம்மா என்று அவள் போட்ட அந்தப் பெரிய “ற”வில் உங்களுக்காக எடுத்த சிரமம் இருக்கிறது. அதற்கு ஏழு திருத்தம் பதிலாக வந்தது. அதில் ஒன்று, “வாழ்த்துக்கள்” என்பதில் வரும் “க்”, பிழையென்று உறுதியாகச் சொல்ல முடியாதது. வேறு இரண்டு மூன்று, இங்கே பட்டம் படித்தவர்களும் விடுகிற ஒற்றும் ளகரமும். சித்தப்பாமாரும் மச்சான்மாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முதல்முறை எழுதிய தமிழ் குப்புற விழுந்தது.

“சொல்லிக் கொடுக்காவிட்டால் எப்படிப் படிப்பாள்?” என்று நீங்கள் கேட்கிறீர்கள். படிப்பிக்கும்போது நீங்கள் முதலாம் வகுப்புப் பிள்ளையின் முதல் கொப்பியை ஏழு சிவப்புக் கோட்டோடு திருப்பிக் கொடுத்திருக்கமாட்டீர்கள். “அ” கோணலாக இருந்தாலும் ஒரு சரி போட்டு, அடுத்த நாள் கையைப் பிடித்து எழுதப் பழக்கியிருப்பீர்கள். உறவினராக இருக்கும்போது ஏன் அந்த ஆசிரியை காணாமல் போனார்?

இன்னும் காலம் போகவில்லை. குழுவில் அல்ல, அவளுடைய இலக்கத்துக்குத் தனியாக எழுதுங்கள். இப்படி ஏதாவது: “மகள், நீ எனக்குத் தமிழில் எழுதியது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. திருத்தியது மட்டும்தான் உனக்கு வந்தது. அது உன்னை நோகடித்திருக்கும். நீ எப்படி எழுதினாலும் பெரியம்மாவுக்கு விளங்கும். விருப்பமென்றால் எழுது.” மன்னிப்போடு சேர்த்து ஒரு இலக்கணக் குறிப்பும் வைத்துவிடாதீர்கள். அவள் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் தமிழாகவோ பதில் போட்டால் அதற்கும் மகிழ்ந்து பதில் எழுதுங்கள். எப்போதாவது “பெரியம்மா, இது சரியா?” என்று அவளாகக் கேட்டால் அன்றைக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. மற்றபடி உங்கள் பதிலில் சரியான எழுத்தைப் போட்டால் போதும். அவள் “பிரந்தநால்” என்றால் நீங்கள் “என் பிறந்தநாளுக்கு” என்று தொடங்குங்கள், கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

தங்கைக்கு எழுத வேண்டாம், போன் எடுங்கள். இரண்டு தரம் எடுக்காவிட்டால் மூன்றாம் தரமும் முயலுங்கள்.

கிண்ணியா

இதில் எடை போட ஒன்றுமில்லை. மரண அறிவித்தலில் எழுத்தைத் திருத்தக் கூடாது. தாயின் ஜனாஸா வீட்டில் இருக்கும்போது ஒரு மகன் நடுங்கும் கையால் தட்டிய செய்தி அது. ணகரம் வந்தால் என்ன, னகரம் வந்தால் என்ன, உம்மா போய்விட்டா என்பது எல்லோருக்கும் விளங்கியது. மற்றவர்கள் “இன்னா லில்லாஹி”யும் ஆழ்ந்த அனுதாபமும் எழுதிக்கொண்டிருந்தபோது அவருக்கு உங்களிடமிருந்து கிடைத்தது ஒரு திருத்தம். நீங்கள் அவருடைய துக்கத்தை மதிக்காதவர் அல்ல. கண் எழுத்தில் மாட்டிக்கொண்டது, கை முந்திவிட்டது. ஆனால் அவருக்கு அது தெரியாது.

செய்தி அனுப்பாமல் நேரில் போங்கள். ஒன்றாகப் படிப்பித்த காலத்தில் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் களப்பைக் கடந்த பயணம் இப்போது இல்லை. 2009இல் பாலம் திறந்த பிறகு கிண்ணியா பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம்தானே. துணைக்குப் பழைய ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். உம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் பேசட்டும். கிளம்பும்போது “அன்றைக்கு நான் எழுதியது சரியில்லை, மனதில் வைக்காதீர்கள்” என்று ஒரு வரி போதும். ஏன் எழுதினீர்கள் என்ற விளக்கம் வேண்டாம். அவர் குழுவுக்குத் திரும்பி வருவதும் வராததும் அவர் விருப்பம்.

சுவரொட்டியும் சட்டமும்

முந்திய இரண்டைப் போல இது முற்றிலும் உங்கள் பக்கத் தவறு அல்ல. பிள்ளைகளைப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்படுத்துவதாகக் காசு வாங்குகிறவர், அந்தச் சொல்லையே பிழையாக அச்சிட்டால் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். கேட்ட விதம்தான் கைமீறிப் போனது.

நான் சட்டத்தரணி அல்ல. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவதூறு இலங்கையில் 2002இலிருந்து குற்றவியல் குற்றமாக இல்லை. ஆகவே அவதூறு என்று முறைப்பாடு கொடுத்தவுடன் பொலிஸ் கூட்டிக்கொண்டு போகும் என்ற பயத்தில் நித்திரையைக் கெடுக்க வேண்டாம். குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்க அவருக்கு வழி இருக்கிறது. அங்கே, சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பது உங்களுக்குக் கைகொடுக்கலாம்; சுவரொட்டியில் பிழை இருந்தது உண்மைதானே. ஆனால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழித் தொந்தரவையும் பற்றிப் பேசுகிறது. இலக்கம் அவரே சுவரில் ஒட்டியதுதான் என்று நீங்கள் சொல்லலாம். மாணவர் சேர அவர் போட்ட இலக்கம், உங்கள் பதிவு வழியாக நடுஇரவில் போன் எடுத்துச் சிரிக்கிறவர்களின் கைக்குப் போனது. உங்கள் பலவீனம் சிவப்பு வட்டத்தில் இல்லை, அந்த இலக்கத்திலும் நீங்கள் அழிக்காமல் விட்ட கொமென்டுகளிலும் இருக்கிறது. சட்டம் என்ன சொன்னாலும், ஊரைச் சொல்லிச் சிரித்தது சரியல்ல என்று உங்களுக்கே தெரிவதால்தான் அந்தப் பகுதியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே இன்றைக்கே அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கு முன் பதிவையும் கொமென்டுகளையும் அவர் அனுப்பிய செய்தியையும் ஸ்கிரீன் ஷொட் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படலாம். வேறொருவர் பகிர்ந்திருந்தால் அவரிடமும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த இளைஞருக்கு, பதிவை எடுத்துவிட்டேன், கேலிக்கு இடம் கொடுத்ததற்கு வருந்துகிறேன் என்று சுருக்கமாக எழுதுங்கள். விஷயம் முறைப்பாடாகப் போனால் மத்தியஸ்த சபையில் பேசித் தீர்க்கவும் இடமிருக்கிறது. அப்படியொரு கடிதமோ அழைப்போ வந்தால் தனியாகப் போகாமல் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் சிரமமென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

அவர் கோபம் தணிந்த பிறகு, விரும்பினால், அடுத்த சுவரொட்டியையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வினாத்தாளையும் அச்சுக்கு முன் பார்த்துத் தரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். சம்மதித்தால் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் பதிவைவிட அது உதவும்.

வாய்மூடி இருக்கச் சொல்கிறேனா?

இல்லை. நீங்கள் குரல் கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. அரச அலுவலகத்துப் பெயர்ப்பலகையிலும், பஸ்ஸின் முன்னாலும், வீதிப் பலகையிலும் வரும் தமிழைப் பாருங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காக இருக்கும். தமிழில் மட்டும் எழுத்து உதிர்ந்து, பொருளே மாறிக் கிடக்கும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஒரு நிறுவனம் பிழையான தமிழில் பலகை வைப்பது தனிமனிதரின் கைதவறல் அல்ல, நமக்குத் தர வேண்டியதைத் தராமல் விடுவது. அங்கே உங்களுக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. பலகையைப் படமெடுத்து, இடமும் திகதியும் குறித்து, சரியான வடிவத்தையும் எழுதி, முதலில் அந்த நிறுவனத்துக்கே கடிதம் அனுப்புங்கள். பதிலில்லை என்றால், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். உங்கள் கையெழுத்தும் சொல்லாட்சியும் உள்ள ஒரு கடிதத்தை ஒதுக்கி வைப்பது எவருக்கும் சுலபமாக இராது.

இன்னொரு இடம் தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கியது, யாரும் கட்டுரையைத் திறந்து திருத்தலாம். நம் மாவட்டத்து ஊர்களையும் கோயில்களையும் குளங்களையும் பற்றிய பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். திருத்துவதையே எதிர்பார்க்கும் இடம் அது. இந்த ஊரில் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை சென்னைக்குப் போய்ப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதில் உழைத்தார். எழுத்துக்கு எழுத்து பார்க்கும் உங்களைப் போன்ற கண் அந்த வேலைக்குத்தான் வேண்டும்.

படபடப்பும் நித்திரையும்

பிழையைத் திருத்தாவிட்டால் நித்திரை வராது என்பதை நான் இலேசாக எடுக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு பலருக்கு இப்படி வருகிறது: நாள் முழுக்கத் தேவைப்பட்ட ஒரு திறமைக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகிறது, அது கிடைத்த இடத்தில் வேலை தேடுகிறது. ஒரு பிழை கண்ணில் பட்டதும் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போங்கள். தண்ணீர் குடியுங்கள், முற்றத்தில் நில்லுங்கள். அந்தத் துடிப்பு கொஞ்ச நேரத்தில் தானாக இறங்குவதைக் காண்பீர்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும், போகப் போக இலகுவாகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வேண்டாம்.

நெஞ்சுப் படபடப்புக்கு மனம் மட்டுமே காரணம் என்று நானும் முடிவு கட்டக் கூடாது. இரத்த அழுத்தத்தையும் தைரொயிட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தியே ஆக வேண்டும் என்ற நெருக்கம் பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, கை கழுவுவது போன்ற மற்றக் காரியங்களிலும் இருந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தும் பயிற்சியும் நன்றாகக் கேட்கும். பேச ஆள் தேவைப்பட்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

குழுக்களை விட்டு விலகவா?

வேண்டாம். கோபத்தில் விலகினால் இன்னும் தனிமைதான் கூடும். ஆசிரியர் குழுவில் கொஞ்ச நாள் வாசிப்பவராக மட்டும் இருங்கள். குடும்பக் குழுவில் யாருடைய எழுத்தையும் திருத்த வேண்டாம், கேட்டால் ஒழிய. தவறான மருந்தளவு, தவறான திகதி, பணம் அனுப்பும் இலக்கம் என்று ஒருவருக்குக் கெடுதல் வரக்கூடிய பிழையென்றால் உடனே, ஆனால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். கோயில் குழுவில் நிலைமை வேறு. அங்கே வருவது பலர் பெயரில் போகும் அறிவித்தல். அதைச் சரியாக எழுதுவது நிர்வாகத்தின் பொறுப்பு. திருவிழா நோட்டீஸ் அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு பிரதியை உங்களிடம் தரும்படி நிர்வாகத்தினரை நீங்களே நேரில் கேளுங்கள். தயங்காமல் தருவார்கள் என்றே நினைக்கிறேன்.